நம்ம பகுதியில் திருட்டும் வழிப்பறியும் கூடிக்கொண்டே போகிறது. மாநகராட்சியிடம் எதைக் கேட்பது?

மூன்றாந்தெரு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான்கு மாதத்தில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக மூன்று வீடுகளில் பூட்டை உடைத்திருக்கிறார்கள். சுரங்கப்பாதைப் பக்கம் செல்போன் பறிப்பு எத்தனை என்று யாரிடமும் கணக்கில்லை. என் காதுக்கு வந்ததே ஐந்து. போன வாரம் வார்டு கூட்டத்தில் கவுன்சிலர் எழுந்து, முக்கியச் சந்திப்புகள் எல்லாவற்றிலும் கேமரா வரப்போகிறது என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரிந்த இந்த எட்டுச் சம்பவங்களில் ஒன்றுகூட முக்கியச் சந்திப்பில் நடக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. வெறும் கோபத்தோடு போனால் இன்னொரு அறிவிப்பைக் கேட்டுவிட்டுத் திரும்புவோம். உங்களுக்குத் தெரிந்த சம்பவத்தை எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, அந்த நேரத்தில் அங்கே விளக்கு எரிந்ததா. பெயர் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம்.

இரவுப்பணி

வேலை முடிந்து நான் இறங்கும்போது மணி பதினொன்றரை. சுரங்கப்பாதை வழியே வந்தால் ஆறு நிமிடம், மேலே சுற்றி வந்தால் இருபது நிமிடம். ஒரு வருடமாக இருபது நிமிடம்தான் நடக்கிறேன். எனக்கு எதுவும் பறிபோகவில்லை. ஒருநாள் ஒருவன் பின்னாலேயே வந்தான், நான் நின்றால் அவனும் நின்றான். கிழக்கு வாசலில் ஏறி ஓடி வந்துவிட்டேன். இதை எங்கே போய்ப் புகார் கொடுக்க? ‘என்னம்மா நடந்துச்சு’ என்று கேட்டால் ‘ஒண்ணும் நடக்கல’ என்றுதானே சொல்ல வேண்டியிருக்கும்?

அதனால் என்னுடையது எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் தினமும் பதினான்கு நிமிடம் என்னிடமிருந்து போகிறது. அதையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள் சார்.

கடைசிவீடு

ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா சுத்தி வளைக்காம பேசுவோம். போலீஸ் ஜீப் ராத்திரி நாலு தடவை சுத்தினா எவனும் வரமாட்டான். நான் இங்க குடிவந்த புதுசுல கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவோம். இப்ப யார் வர்றாங்க, யார் போறாங்கன்னே தெரியல. வாடகைக்கு வர்ற வெளியூர் ஆட்களோட விவரத்தை எல்லாம் வாங்கி வைக்கணும். ஜீப், விசாரணை. இது ரெண்டும் இல்லாம விளக்கு கிளக்குன்னு பேசுறதுல பிரயோஜனம் இல்ல.

முன்னாள்காவலர்

27 வருடம் காக்கி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜீப் ரோந்து பற்றிப் பொதுமக்களுக்கு இருக்கும் நம்பிக்கை எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி காவல்துறை 1972, 73இல் இதைச் சோதித்தே பார்த்தது. நகரின் தெற்குப் பகுதியில் 15 ரோந்துப் பகுதிகளை எடுத்து மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. மீதி ஐந்தில் ரோந்தே கிடையாது, அழைத்தால் மட்டும் வருவார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் குற்றத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. மக்களின் பயத்திலும் இல்லை.

இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை. ஜீப் ஒரு தெருவைக் கடக்க அரை நிமிடம் ஆகும். திருட வந்தவன் அந்த அரை நிமிடம் இருட்டில் நிற்பான், அவ்வளவுதான். அதோடு ஜீப்பின் சத்தம் அவனுக்குத்தான் முதலில் கேட்கும்.

ஆனால் காவல்துறையால் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கே நிற்கிறோம் என்பதில்தான் விஷயம். மினியாபொலிஸ் நகரில் ஒரு வருடத்தில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை எல்லாம் முகவரிவாரியாகப் பிரித்து 1989இல் ஆய்வு வெளியிட்டார்கள். அழைப்புகளில் பாதி, நகரின் முகவரிகளில் வெறும் 3 சதவீதத்திலிருந்து வந்திருந்தது. அந்தச் சில இடங்களில் இரண்டு பேர் நடந்துபோய், பத்துப் பதினைந்து நிமிடம் நின்று, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தால் அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடம் அமைதியாக இருக்கும். ஊர் முழுக்கச் சுற்றும் ஜீப்பால் அது முடியாது.

‘மூன்றாந்தெரு’ கேட்கும் பட்டியல் அதனால்தான் முக்கியம். நாங்கள் வேலையில் இருந்தபோது எந்தக் குடியிருப்போர் சங்கமும் இடமும் நேரமும் போட்டு மனு கொடுத்ததில்லை. ‘ரோந்தை அதிகப்படுத்துக’ என்றுதான் கொடுப்பார்கள். அதை வாங்கிக் கோப்பில் வைப்போம்.

கடைசிவீடு

மரியாதையோட சொல்றேன் ஐயா, அமெரிக்காக் கணக்கு எனக்கு எதுக்கு? என் தம்பி வீட்டுல ரெண்டு தடவை பூட்டை உடைச்சாங்க. முதல் தடவை புகார் குடுத்து, கதவை மாத்தி, டிவி புதுசா வாங்கி ஆறு வாரம் ஆகல. மறுபடியும் வந்துட்டான். அவன் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுல தனியா இருக்க மாட்டேங்குது. ரெண்டாவது தடவையும் அதே வீட்டுக்கு வருவான்னு எங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

புத்தகப்புழு

அண்ணா, உங்கள் தம்பிக்கு நடந்ததைப் பற்றியே ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பு, 1980களின் நடுப்பகுதி. அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். தரவைப் பார்த்தவர்கள் கண்டது இதுதான்: ஒருமுறை திருட்டுப்போன வீட்டுக்கு மறுபடி திருடன் வரும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு. வழி தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், போன பொருளுக்குப் பதில் புதிது வாங்கியிருப்பார்கள் என்பதும் தெரியும்.

அதனால் அவர்கள் ஊர் முழுவதையும் காக்கக் கிளம்பவில்லை. திருட்டுப்போன வீட்டில் உடனே தாழ்ப்பாளையும் ஜன்னலையும் பலப்படுத்திக் கொடுத்தார்கள். சுற்றியிருக்கும் ஆறேழு வீட்டுக்காரர்களிடம் மட்டும் பேசி, அந்த ஒரு வீட்டின் மேல் கண் வைக்கச் சொன்னார்கள். இன்னொன்றும் செய்தார்கள். அந்த வீடுகளில் காசு போட்டால் ஓடும் மின்சார, எரிவாயு மீட்டர்கள் இருந்தன. திருட வந்தவர்கள் பல வீடுகளில் அந்த மீட்டரை உடைத்துக் காசைத்தான் எடுத்துப் போயிருக்கிறார்கள். மீட்டர்களை மாற்றிவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில் வீட்டுத் திருட்டு 75 சதவீதம் குறைந்தது.

இதில் உள்ளாட்சியின் வேலை எவ்வளவு இருக்கிறது பாருங்கள். புகார் பதிவான மறுநாளே ஒருவர் வந்து பூட்டைப் பார்த்து, பின்வாசல் விளக்கைப் பார்த்து, பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டுப் போகலாம். உங்கள் தம்பி வீட்டுக்கு அந்த ஒருவர் வந்திருந்தால் இரண்டாவது தடவை நடக்காமலே போயிருக்கலாம்.

கடைசிவீடு

இது நியாயமா இருக்கு. இதைப் பட்டியல்ல போடுங்க.

கம்பம்ஏறுபவன்

தெருவிளக்குப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. விளக்கு ஏன் எரிவதில்லை என்று உள்ளிருந்து சொல்கிறேன்.

பல்பு போவது அபூர்வம், அதுவும் எல்.இ.டி. வந்த பிறகு. டைமர் கெட்டுப்போகும். பூமிக்கடியில் கேபிள் போகும். ஒரு பெட்டியில் ஃபியூஸ் போனால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கம்பம் அணைந்துவிடும். சில இடங்களில் விளக்கு நன்றாகவே எரியும், ஆனால் மரக்கிளை மறைத்திருக்கும். கீழே நிற்பவருக்கு இருட்டு, எங்கள் பதிவேட்டில் ‘எரிகிறது’. கிளையை வெட்டுவது வேறு பிரிவு. அந்தப் பிரிவுக்கு நாங்கள் எழுதுவோம், அவர்கள் எங்களுக்குப் பதில் எழுதுவார்கள்.

பெரிய கோளாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. எத்தனை விளக்கு போட்டோம் என்று பில் போடலாம். போட்ட விளக்கு எத்தனை இரவு எரிந்தது என்று யாரும் கேட்பதில்லை. கவுன்சிலரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புது விளக்கு கேட்டால் புது டெண்டர் வரும். எரியாத இரவுக்குப் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள், அதற்கு அவர்கள் கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும்.

புகார் கொடுக்கும்போது கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் கொடுங்கள். ‘எங்க தெருவுல லைட் எரியல’ என்று நூறு பேர் எழுதினாலும் எங்களுக்கு எங்கே போவது என்று தெரியாது. எண் கொடுத்தால் தப்பிக்க முடியாது.

முனைக்கடை

எல்லாரும் விளக்குப் பக்கம் போயிட்டீங்க. கேமராவைக் குறைச்சுப் பேசாதீங்க. என் கடை வாசல்ல வண்டி திருடு போனப்ப என்னோட கேமராவுல முகம் தெளிவா விழுந்திருந்தது. பத்து நாள்ல வண்டி கிடைச்சுது. கேமரா இல்லேன்னா அந்த வண்டி போனது போனதுதான்.

கம்பம்ஏறுபவன்

உங்கள் கேமரா வேலை செய்ததற்குக் காரணம், அது உங்களுடையது. தினமும் பார்க்கிறீர்கள், லென்ஸைத் துடைக்கிறீர்கள். பொது இடத்துக் கேமராவில் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். புகார் கொடுத்து, கடிதம் எழுதி, அனுமதி வாங்கிப் போய்க் கேட்கும்போது அந்த நாள் அழிந்திருக்கும். இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் தெரிவது நிழல் மட்டும்.

புத்தகப்புழு

முனைக்கடை அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது. கேமரா பற்றிய நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் ஒரு தொகுப்பு வெளியானது. மொத்தத்தில் குற்றம் 13 சதவீதம் குறைந்திருந்தது. வாகன நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம், உங்கள் வண்டி மாதிரி. அடிதடி, தாக்குதல் மாதிரி வன்முறையில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. ஆக, வண்டி நிறுத்துமிடத்துக்குக் கேமரா கேட்போம். சுரங்கப்பாதைக்கு வேறு வேண்டும்.

விளக்குக்கும் சோதனை இருக்கிறது. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்பு வளாகங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சுமார் 40 வளாகங்களில் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில், அங்கே வெளியிடங்களில் இரவில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. ‘இரவுப்பணி’ அக்காவின் பதினான்கு நிமிடம் இங்கேதான் இருக்கிறது.

இரவுப்பணி

நன்றி தம்பி. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். டொரன்டோவில் 1989இல் பெண்களே குழுவாக இருட்டிய பிறகு தெருத்தெருவாக நடந்து, எங்கே பயமாக இருக்கிறது, ஏன் பயமாக இருக்கிறது என்று எழுதி மாநகராட்சிக்குக் கொடுக்கும் முறையை ஆரம்பித்தார்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. விளக்கு மட்டும் பார்ப்பதில்லை. ஓடினால் வெளியேற வழி இருக்கிறதா, சத்தம் போட்டால் கேட்க யாராவது இருக்கிறார்களா, வளைவுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணில் இது எதுவும் படாது. கவுன்சிலர் இரவு பதினொன்றரைக்கு என்னோடு ஒருமுறை நடக்கட்டும்.

இளங்காளை

இவ்வளவு பேச்சு தேவையே இல்லை. பத்துப் பேர் பெயர் கொடுங்க. ராத்திரி கையில கட்டையோட நாமே சுத்துவோம். சந்தேகமா நிக்கிறவனைப் பிடிச்சு நாலு போட்டா வார்த்தை தானா பரவிடும்.

வாடகைவீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இப்படி ஒரு குழு நான் முன்பு குடியிருந்த ஊரில் இருந்தது. இரவு வேலை முடிந்து வந்த என்னை நிறுத்தினார்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். ஒருவன் அதைப் பிடுங்கினான், மற்றவன் அடித்தான். இடது காதில் இன்றும் சரியாகக் கேட்காது. அந்தத் தெருவில் எட்டு மாதமாக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். என்னை அடித்த பிறகும் அந்தத் தெருவில் திருட்டு நடந்தது.

‘கடைசிவீடு’ ஐயா, வெளியூர் ஆள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் வீட்டிலும் பூட்டுத்தான் இருக்கிறது, எனக்கும் திருடன் பயம் உண்டு. என்னைத் திருடனின் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேசாதீர்கள்.

முன்னாள்காவலர்

‘இளங்காளை’, தம்பி, உன் வயதில் எனக்கும் இந்த வேகம் இருந்தது. சந்தேகமாக நிற்பவன் என்று நீ யாரைச் சொல்வாய்? உனக்கு முகம் தெரியாதவனைத்தான் சொல்வாய். கட்டையோடு நிற்கும் பத்துப் பேரில் ஒருவனுக்குக் கை நீண்டால் போதும், வழக்கு உன் மேல் வரும், ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

சீருடை போட்டவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். நியூயார்க் போலீஸ் 2011இல் மட்டும் ஆட்களைத் தெருவில் நிறுத்தி விசாரித்தது ஏறத்தாழ 6,85,000 தடவை. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேரைக் கைதோ வழக்கோ இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் மக்கள். அது நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2013இல் நீதிமன்றம் சொன்னது. இப்படி நிறுத்துவதைப் பெருமளவு குறைத்த பிறகு குற்றம் பெருகும் என்று பலர் எச்சரித்தார்கள். பெருகவில்லை. நிறுத்தப்பட்ட பையன்கள் நாளைக்கு ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தாலும் போலீஸிடம் சொல்ல வரமாட்டார்கள். ஒரு புலனாய்வு அதிகாரிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

கடைசிவீடு

வாடகைவீடு தம்பி, உங்களுக்கு நடந்தது தெரியாம எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க. வெளியூர்ங்கிற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன். பயத்துல வாய்க்கு வந்தது.

ஆனா பயம் இன்னும் போகல. அதையும் மறைக்க விரும்பல.

மைதானம்

மாலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். செல்போன் பறித்ததாகப் பிடிபட்ட இரண்டு பேரில் ஒருவன் போன வருடம்வரை என்னிடம் வந்துகொண்டிருந்தவன். வயது பதினாறு. மைதானத்து விளக்குக்கு மின்கட்டணம் கட்டாததால் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள். நூலகமும் ஆறு மணிக்கு மூடிவிடும். ஆறிலிருந்து பதினொன்றுவரை அவன் எங்கே இருப்பான்? சுரங்கப்பாதைப் படியில் இருப்பான். யார் அங்கே அவனுக்குக் கைகொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கத்திக்குத்து எல்லை மீறிப் போனபோது, 2005இல் அந்தப் பகுதிக் காவல்துறையே வன்முறைக் குறைப்புக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. வன்முறையைத் தொற்றுநோய் மாதிரிப் பார்த்தார்கள். யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு அடுத்துப் பரவும், நடுவில் எங்கே வெட்டலாம் என்று. கும்பல் பையன்களைக் கூப்பிட்டு, கத்தியை விட்டால் வேலைக்கும் படிப்புக்கும் நாங்கள் பொறுப்பு, விடாவிட்டால் சட்டம் முழுப் பலத்தோடு வரும் என்று இரண்டையும் நேருக்கு நேர் சொன்னார்கள். தண்டனையைக் கைவிடவில்லை. அதோடு ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்தக் கேட் இரவு ஒன்பதுவரை திறந்திருக்கட்டும்.

முனைக்கடை

பறிகொடுத்தவனை விட்டுட்டு பறிச்சவனுக்காகப் பேசற மாதிரி இருக்கு. என் மருமக கையில அஞ்சு தையல்.

மைதானம்

ஐயா, அந்தத் தையலுக்குக் காரணமானவன் தண்டனை அனுபவிக்கட்டும். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. என்னிடம் இப்போது பன்னிரண்டு வயதில் பதினெட்டுப் பையன்கள் வருகிறார்கள். நான் பேசுவது அவர்களுக்காக.

மூன்றாந்தெரு

நேற்று மனுவோடு வார்டு அலுவலகம் போனேன். ‘குற்றம் போலீஸ் விவகாரம், மாநகராட்சியின் கையில் ஒன்றுமில்லை’ என்றார்கள். பல நாடுகளில் காவல்துறை நகராட்சியின் கீழ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விளக்கு யார் கையில்? சுரங்கப்பாதை, மைதானத்துக் கேட், பூட்டிக் கிடக்கும் கட்டடம், முள் மண்டிய காலிமனை எல்லாம் யார் கையில்?

காலிமனை பற்றித் தேடியபோது ஃபிலடெல்ஃபியா கிடைத்தது. கேட்பாரற்றுக் கிடந்த 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரம் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளிப் புல்லை வெட்டியதோடு சரி. மற்றவற்றை அப்படியே விட்டார்கள். முடிவு 2018இல் வெளியானது. ஏழைக் குடியிருப்புகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. போலீஸ் எண்ணிக்கையைக் கூட்டிச் செய்த காரியம் இல்லை இது. துப்புரவுப் பிரிவு செய்யக்கூடியது.

நம்ம மூன்று வீட்டுத் திருட்டில் இரண்டு, காலிமனையை ஒட்டிய வீடுகள். பின்சுவர் ஏறி வந்திருக்கிறார்கள்.

முன்னாள்காவலர்

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இப்படிப் பட்டியல் போட்டு, எல்லோரும் புகார் கொடுக்க ஆரம்பித்தால் அடுத்த ஆண்டுக் கணக்கில் குற்றம் ‘கூடியிருக்கும்’. உடனே ஒருவர் எழுந்து உங்கள் முயற்சி தோற்றது என்பார். பதிவான குற்றமும் நடந்த குற்றமும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1973இலிருந்து வீடுவீடாகப் போய், உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். வன்முறைக் குற்றங்களில்கூடப் பாதிக்கு மேல் போலீஸுக்கே வருவதில்லை என்பது அதில் தெரிகிறது.

வேலையில் இருந்தபோது நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு, கூடினால் மேலே இருந்து திட்டு. அப்படி இருந்தால் வாசலுக்கு வரும் புகாரைத் தட்டிக்கழிக்கத்தான் தோன்றும். நானும் செய்திருக்கிறேன். ‘செல்போன் தொலைந்துபோச்சு’ என்று எழுதிக்கொடுங்கள் என்று ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கையில் பறித்தபோது விழுந்த கீறல் இருந்தது. அது இன்றும் உறுத்துகிறது. அதனால் கூட்டத்தில் ‘குற்றத்தை இத்தனை சதவீதம் குறை’ என்று கேட்காதீர்கள். பதிவு செய், இடத்தையும் நேரத்தையும் மாதாமாதம் வெளியிடு, அந்த இடத்தில் என்ன செய்தாய் என்று சொல் என்று கேளுங்கள்.

வாடகைவீடு

மாதாமாதம் வெளியிடும்போது யார் வீடு என்று தெரியாதபடி தெரு அளவில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

மூன்றாந்தெரு

சரி. இந்த இழையில் வந்ததையும் தனிச்செய்தியில் வந்ததையும் சேர்த்தால் இருபத்தியிரண்டு சம்பவம். பதினான்கு சம்பவம் மூன்றே இடத்தில்: சுரங்கப்பாதை, காலிமனையின் பின்சுவர், வண்டி நிறுத்துமிடத்தின் வடக்கு மூலை. பெரும்பாலும் இரவு எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள். அறிவிக்கப்பட்ட கேமராக்களில் ஒன்றுகூட இந்த மூன்று இடத்தில் இல்லை.

மனுவில் இந்த மூன்று இடத்தை மட்டும் முதல் பக்கத்தில் வைக்கிறேன். திருட்டுப்போன வீட்டுக்கு மறுநாளே ஆள் வருவது, மைதானத்துக் கேட், எரியாத இரவுக்குப் பிடித்தம், இவை இரண்டாம் பக்கம். கூட்டத்துக்கு முந்திய நாள் இரவு பதினொன்றரைக்குச் சுரங்கப்பாதையில் நடக்கக் கவுன்சிலரை எழுத்துமூலம் அழைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் நாம் நடக்கிறோம். கட்டை வேண்டாம், டார்ச்சும் நோட்டும் போதும். இளங்காளை, நீங்களும் வாருங்கள்.

இளங்காளை

வர்றேன். டார்ச் என்கிட்ட ரெண்டு இருக்கு.

இரவுப்பணி

நேற்று பகலில் போய்க் கிழக்கு வாசல் கம்பங்களின் எண்களை எழுதிவந்தேன். இரண்டில் எண்ணே அழிந்திருக்கிறது. அந்த இரண்டையும் எப்படிக் குறிப்பிடுவது என்று ‘கம்பம்ஏறுபவன்’ சொல்ல முடியுமா?

கம்பம்ஏறுபவன்

பக்கத்துக் கம்பத்தின் எண்ணை எழுதி, அதிலிருந்து எந்தத் திசையில் எத்தனையாவது கம்பம் என்று குறிப்பிடுங்கள். போட்டோவும் எடுங்கள், கம்பத்தின் அடிப்பெட்டி தெரிகிற மாதிரி. பெட்டி மூடி திறந்திருந்தால் கையை வைக்காதீர்கள்.